மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா? வரலாறு கூறும் விடை



கடந்த பள்ளி விடுமுறைக்கு முன், தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். ஐந்தாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகனுக்கு, ஈப்போவில் இருக்கும் மாமா ஒரு மலைப்பாம்புக் குட்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "கையளவுதான் இருக்கிறது ஐயா. பையன் ஆசைப்படுகிறான். வளர்க்கட்டுமா?" என்று கேட்டார். உடனே விடை கூற இயலவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் நான் திரட்டிய செய்திகளையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943இல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியா வந்தவர். கியா பார்மைப் போன்றே குளிர்ந்த மலையூரான கோடைக்கானலில் பள்ளியில் பயின்றபோது, விடுதியில் ஒரு மலைப்பாம்பை வைத்து வளர்த்தார். பின்னர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமி நகரின் பாம்புப் பண்ணையில் தொழில் பழகினார். தாயகமாகக் கொண்ட இந்தியாவுக்குத் திரும்பிச் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவினார். ஆகவே, பாம்பின்மீது சிறுவனுக்கு ஆர்வம் பிறப்பது குற்றமன்று. அந்த ஆர்வத்தை எவ்வழியில் செலுத்துகிறோம் என்பதே கேள்வி.

விட்டேக்கருக்குப் பாம்புகளைப் பற்றி நிரம்பக் கற்பித்தவர்கள் செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பழங்குடியினர். ஒரு காலத்தில் இவர்கள் தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சை எடுப்பதே அதன் பணி. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மட்டும் மண்பானையில் வைத்திருப்பர். நஞ்சை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர். எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எப்போது விடுவிக்க வேண்டும் என்பதற்கு அங்கே வரையறை உண்டு. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்பு அங்கு வளர்ப்புப் பிராணியாக விற்கப்பட்டது. 1996 முதல் 2006 வரை மட்டும் ஏறத்தாழ 99,000 பாம்புகள் அமெரிக்காவில் இறக்குமதியாயின. வாங்கும்போது அரை மீட்டர் நீளமிருக்கும் குட்டி, சில ஆண்டுகளில் மூன்று மீட்டரைத் தாண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பராமரிக்க இயலாத சிலர் அவற்றைச் சதுப்புநிலத்தில் விட்டுவிட்டனர். 1992இல் வீசிய ஆண்ட்ரூ சூறாவளியில் இடிந்த வளர்ப்புப் பண்ணையிலிருந்தும் பல தப்பின. 2000ஆம் ஆண்டளவில், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் அவை இனம்பெருக்கி வாழ்வது உறுதியாயிற்று. 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, பாம்புகள் நெடுங்காலமாக வாழும் பகுதிகளில் கண்ணில் படும் ரக்கூன்கள் 99.3 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆயினும் காட்டில் பெருகியவற்றை என்ன செய்வது?

2017 சனவரியில், மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் விட்டேக்கரின் துணையோடு புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். புல் சாய்ந்திருக்கும் விதத்தையும் மண்ணில் பதிந்த தடத்தையும் பார்த்தே பாம்பின் இருப்பிடத்தைக் கண்டனர். ஒரு வாரத்திற்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளமொன்றில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண்பாம்பு. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நம்மவர் பெற்ற பெருமை இது. எனினும், யாரோ ஆசைக்கு வாங்கிப் பின்னர் கைவிட்டதன் சுமையைத் தீர்க்கவே அவர்கள் கடல் கடந்து செல்ல நேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

வீட்டினுள் நேரும் ஆபத்தும் சிறிதன்று. 2013 ஆகஸ்டில், கனடாவின் காம்பெல்ட்டன் நகரில், அடைப்பிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று காற்றுக்குழாய் வழியே சென்று, உறங்கிக்கொண்டிருந்த இரு சிறுவர்களைக் கொன்றது. இவ்வகைப் பாம்புகள் மூச்சைத் திணறடித்தே கொல்வதாக முன்பு கருதினர். இறுக்கத்தில் இரத்த ஓட்டமே சில நொடிகளில் தடைபடுவதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் உதவி வந்து சேர நேரம் இருப்பதில்லை. இரண்டரை மீட்டரைத் தாண்டிய பாம்பைத் தனி ஒருவர் கையாளக் கூடாது என்று அனுபவமுள்ளோர் வலியுறுத்துவர்.

நம் நாட்டில் மலாய்க்காரர் 'சாவா பாத்தேக்' என்று அழைக்கும் மலைப்பாம்பு, உலகிலேயே மிக நீளமான பாம்பினம். ஆறு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமின்றி அதனை வைத்திருப்பது குற்றம். 2022இல் அச்சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. தவிர, அது தாழ்நிலத்து வெப்பத்தில் வாழும் உயிர். இரவில் 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும் கியா பார்ம் குளிரில், இடைவிடாத வெப்பமூட்டல் இன்றி அது நோயுறும், இரையும் செரிக்காது. பூட்டுள்ள வலுவான கூண்டு, ஒழுங்கான இரை, மருத்துவம், வளர்ந்தபின் போதிய இடம், இருபது ஆண்டுப் பொறுப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஏற்க இயலாது. உண்மையில் ஏற்கப்போவது பெற்றோரே.

இவற்றை அத்தந்தையிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "அவன் இடைநிலைப்பள்ளி விடுதிக்குப் போய்விட்டால் நானும் அவன் அம்மாவும்தான் பார்க்க வேண்டும் ஐயா. வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார். மாமாவிடம் உரிமம் இருக்கிறதா என்று விசாரிக்கவும், இல்லையெனில் பெர்ஹிலித்தானிடம் ஒப்படைக்கச் சொல்லவும் கேட்டுக்கொண்டேன். எக்காரணம் கொண்டும் குட்டியைக் காட்டிலோ தோட்டத்திலோ விட்டுவிட வேண்டாம் என்றும் கூறினேன்.

பையன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இருளர் இருவரின் கதையை அவனிடம் சொன்னேன். தைப்பிங் விலங்குத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வதாகத் தந்தையும் வாக்களித்தார். இப்போது பாம்புகளைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதி வருகிறான். அடுத்த சபைகூடலில் அவனே பேசுவான்.

உங்கள் பிள்ளைகளும் இவ்வாறு கேட்டால், அதட்டி வாயடைக்காதீர்கள். உடனே தலையசைத்தும் விடாதீர்கள். வீட்டருகே பெரிய பாம்பைக் கண்டால் பிடிக்கவோ அடிக்கவோ முயலாமல், 999க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையினரின் உதவியை நாடுங்கள்.