ஓடாத சைக்கிளின் கதை: டர்போ டிரெய்னர் வாங்குமுன்

மட்டாஞ்சேரிக்கு வேலை நிமித்தம் வந்து சேரும் நம்மவர்களுக்கு முதல் வருடமே ஒரு விஷயம் புரிந்துவிடும். இங்கே மழை விருந்தாளி இல்லை, குடித்தனக்காரர்! ஜூனில் இடவப்பாதி வந்தால் செப்டம்பர் வரை இருக்கும். கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம். ஏற்கெனவே குறுகலான பஜார் ரோட்டில் தண்ணீர் தேங்கினால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது. தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய சர்க்கரைக்காரர் என்ன செய்வார்? டொரொண்டோவில் இருப்பவருக்குப் பனி, துபாயில் இருப்பவருக்கு வெயில். பிரச்சனை ஒன்றுதான்.

அதற்குத்தான் டர்போ டிரெய்னர். சொந்த சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அதன்மேல் ஒரு பாரத்தை அழுத்தி வைக்கும் ஸ்டாண்டு. கடையில் கேட்டால் மேக்னட், ஃப்ளூயிட், டைரக்ட் டிரைவ், ஸ்மார்ட் என்று அடுக்குவார்கள். விலையும் படிப்படியாக ஏறும். ஏன் ஏறுகிறது என்பதற்குப் பதில் அதன் சரித்திரத்தில் இருக்கிறது.

நம்மூரில் இதற்கு ஒரு சித்தப்பா உண்டு. சாணை பிடிப்பவரை ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். சக்கரத்திலிருந்து பெல்ட் போய் சாணைக்கல்லைச் சுழற்றும். சைக்கிள் ஓடாது, ஆனால் ஆள் உழைப்பார். டர்போ டிரெய்னர் என்பது கத்தி இல்லாத சாணை, அவ்வளவுதான் :-)

மேலை நாட்டில் இந்த யோசனை சைக்கிளைவிடப் பழையது. 1796-ல் லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்று ஒரு உடற்பயிற்சி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிள் வந்தபின் உருளைகள் வந்தன. தரையில் மூன்று உருளை, மேலே சைக்கிள், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. 1899-ல் உலக சாம்பியனான கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், சார்லஸ் மர்ஃபியுடன் அமெரிக்க நாடக மேடைகளில் இந்த உருளைகள்மேல் பந்தயம் ஓட்டிக் காட்டினார். 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்கள் இருந்தன.

உருளையில் பாரம் குறைவு, விழும் பயம் அதிகம். அதனால் 1970, 80களில் பின்சக்கரத்தைக் கவ்விப் பிடித்து, அதனோடு விசிறியைச் சுழலவிடும் டிரெய்னர்கள் பரவின. வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். விசிறிக்கும் அதே கணக்குதான். எனவே மிதிக்க நிஜ ரோடு மாதிரியே இருந்தது. ஒரே குறை, வீடே அதிரும் சத்தம்.

சத்தத்துக்கு மருந்தாகக் காந்தம் வந்தது. பழைய சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதி கனக்குமே, நினைவிருக்கிறதா? காந்த டிரெய்னரும் அதற்குத் தம்பி முறை. காந்தங்களுக்கு நடுவே உலோகத் தட்டு சுழலும்போது அதில் மின்சுழல் உண்டாகித் தட்டைப் பிடித்து இழுக்கும். ஃபூக்கோ 1855-ல் கண்டது இதைத்தான். பாரத்தைக் கூட்டக் குறைக்க, ஹேண்டில்பாரில் ஒரு நெம்புகோல். அடுத்து வந்தது ஃப்ளூயிட். எண்ணெய்க்குள் துடுப்பு சுழல்வதால், வேகம் கூடக் கூடப் பாரமும் தானாக ஏறும். விசிறியின் குணம், சத்தம் மட்டும் குறைவு.

2012-ல் வாஹூ நிறுவனத்தின் கிக்கர் வந்தது. பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, செயினை நேராக இயந்திரத்தில் மாட்டுவது. 2014-ல் ஸ்விஃப்ட் என்ற மென்பொருள் வந்தபின், திரையில் மலை ஏறினால் காலுக்கும் கனத்தது. 2020 கொரோனா காலத்தில் இதற்குப் பெரிய கிராக்கி. அந்த டிசம்பரில் உலக சைக்கிள் சங்கம் வீட்டுக்குள்ளேயே ஓட்டும் சாம்பியன்ஷிப்பைக்கூட நடத்திவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். காந்தம் சத்தத்தைக் குறைத்தது. எண்ணெய் ரோட்டின் உணர்வைத் திரும்பக் கொடுத்தது. ஸ்மார்ட் அளந்து சொன்னது, கூடவே விளையாட்டும் காட்டியது. காலுக்குப் பாரம் கொடுக்கும் வேலையைச் சாதாரண காந்தமே முடித்துவிட்டது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் உணர்வுக்கும் அளவுக்கும் திரைக்கும்தான். பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு அது நியாயமான செலவு. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மீதியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் காந்தம் போதும். ஸ்மார்ட் வகையில் பல கரண்ட்டில் இயங்குபவை. மழைநாளில் கரண்ட் போனால் அதுவும் சும்மா நிற்கும். காந்தத்துக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில:

சைக்கிளையே கடைக்குக் கொண்டு போங்கள். பின் அச்சில் நட்டு போட்ட பழைய கருப்பு சைக்கிள், பல டிரெய்னர்களில் உட்காராது. சக்கர அளவையும் கேளுங்கள்.

பட்டன் பட்டனாக இருக்கும் மலைச் சைக்கிள் டயர் உருளையில் கத்தும். வழவழப்பான டயர் மாற்றினால் பாதிச் சத்தம் போய்விடும்.

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் மாடித்தளம் பெரும்பாலும் மரம். அதிர்வு கீழே இருப்பவர் தலையில்தான் இறங்கும். தடித்த ரப்பர் விரிப்பு அவசியம். முடிந்தால் தரைத்தளத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள் எதிர்காற்று கிடையாது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் குளித்த மாதிரி ஆகிவிடும். எதிரே மின்விசிறி, ஹேண்டில்பார் மேல் துண்டு. வியர்வையின் உப்பும் கடற்காற்றும் சேர்ந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும், மிதித்து முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாம். பலர் வாங்கிய டிரெய்னர்கள் இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டாகத்தான் நிற்கின்றன. ஃப்ளூயிட் என்றால் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, எதுவானாலும் உருளை தேய்ந்திருக்கிறதா, கவ்வி ஆடுகிறதா என்று பாருங்கள்.

சாணை பிடித்தவர் எத்தனை வாட் மிதித்தோம் என்று அளந்ததில்லை, தினமும் மிதித்தார். டிரெய்னரிலும் அதுதான் முக்கியம். உங்கள் ஊரில் பனியோ வெயிலோ மழையோ, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மீதியைக் காந்தம் பார்த்துக்கொள்ளும்.