ஐந்தடி வட்டம்

கடைக்குள் நுழைகிறோம். தொங்குகின்ற சட்டைகளில் ஒன்றை எடுக்கிறோம். தோளுக்குப் பொருந்துமா, கை நீளமாக இருக்குமா என்ற ஐயம் எழுகிறது. மூலையில் உள்ள சிற்றறையைக் கடைக்காரர் கைகாட்டுகிறார். ட்ரையல் ரூம் என்கிறார். உள்ளே சென்று தாழிட்டு, உடுத்தி, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து, பிடித்தால் பணம் கொடுக்கிறோம்; பிடிக்காவிட்டால் மடித்துத் தந்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறோம். இதிலே என்ன வரலாறு இருக்க முடியும் என்று கேட்பார் உண்டு. இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகின்ற ஒருவர் அந்த அறைக்குள் நுழைய முடியுமா, நுழைந்தபின் திரும்ப முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு பெரிய நாட்டின் நூற்றைம்பது ஆண்டுக் கதை அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது தெரியும்.

அமெரிக்க நாட்டைத்தான் சொல்கிறோம். செல்வத்தில் மிதந்த நாடு. விடுதலை தேவிக்குச் சிலை எடுத்த நாடு. துணிக்கடையின் உட்புறச் சிற்றறையை அங்குலம் அங்குலமாக அளந்து சட்டத்தில் எழுதிய நாடும் அதுவே. எழுதும்படி நேர்ந்த கதை இனிமையானதன்று.

உடுத்திப் பார்க்கும் அறை என்பது பழங்காலத்துப் பொருளல்ல. தையற்காரர் உடலை அளந்து துணியை வெட்டிய நாளில் அதற்குத் தேவை எழவில்லை. ஆடையே உடலைத் தேடி வந்தது. ஆயத்த ஆடை பெருகியபின் நிலை மாறிற்று. உடல், ஆடையைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. 1846-இல் நியூயார்க் நகரின் பிராட்வே தெருவில் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்ற வணிகர் பளிங்கு மாளிகை எனப் பெயர்பெற்ற பெருங்கடையைத் திறந்தார். பின்னர் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். இலட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தைக்க ஆயிரக்கணக்கான மார்புகளும் இடுப்புகளும் அளக்கப்பட்டன. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற கணக்கு அந்த அளவுகளிலிருந்து வலுப்பெற்றது.

அதே போர் இன்னொன்றையும் செய்தது. பல்லாயிரம் இளைஞர்களின் காலையும் கையையும் அறுத்தெறிந்தது. அளவு எடுக்கப்பட்ட உடல்கள், அளவுக்கு அடங்காத உடல்களாகத் திரும்பிவந்தன. நாட்டுக்காக உறுப்பிழந்தவர்களை நாடு எப்படி வரவேற்றது? மாலை கிடைத்தது சிலருக்கு. மற்றவர்களுக்கு, குறிப்பாக ஏழைகளுக்கு, வேறொன்று கிடைத்தது. 1867-இல் சான்பிரான்சிஸ்கோ நகரமன்றம் ஒரு விதி செய்தது. உடற்குறையால் காணச் சகியாத தோற்றம் உடையவர்கள் பொதுத்தெருவில் தங்களைப் பிறர் கண்ணுக்குக் காட்டலாகாது என்பது அதன் சாரம். 1881-இல் சிக்காகோவும் அத்தகைய விதியைச் செய்துகொண்டது. அது ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1974-இல்! மனிதன் நிலவில் கால்வைத்து ஐந்தாண்டு கழித்து!

நம்மவர் இதைப் படித்துப் புருவம் உயர்த்த வேண்டியதில்லை. முடம் பிறந்த வீட்டில் முன்வினை பேசிய நாவுகள் நம் ஊரில் குறைவா? அவர்கள் சட்டம் போட்டு மறைத்தார்கள். நாம் சாத்திரம் சொல்லி மறைத்தோம். மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு நம் நாவு பழகியதே அண்மைக் காலத்தில்தான்.

தெருவிலேயே தோன்றலாகாது என்றவர்களுக்குக் கடையில் கண்ணாடி எதற்கு என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை. ஆனால் அதே நாட்டில் இன்னொரு கூட்டத்தார், கால் இருந்தும் கை இருந்தும், அந்தக் கண்ணாடியின் முன் நிற்க முடியாமல் தடுக்கப்பட்டார்கள். தென்மாநிலங்களின் பெருங்கடைகள் பலவற்றில் கறுப்பின மக்கள் பணம் கொடுத்துத் துணி வாங்கலாம். உடுத்திப் பார்க்கக் கூடாது. தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக் கூடாது. செருப்பைக் காலில் இட்டுப் பார்க்கக் கூடாது. அவர்கள் உடல் பட்ட துணியை வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்பது வணிகர் சொன்ன காரணம். தீட்டு என்ற சொல் அவர்கள் மொழியில் இல்லை. பொருள் அப்படியே இருந்தது. அவர்களுடைய பணம் மட்டும் எந்தத் தீட்டும் இல்லாமல் பெட்டிக்குள் விழுந்தது!

1960 பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரக் கடையொன்றின் சிற்றுண்டி மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து 1964 குடியுரிமைச் சட்டம் வந்தது. உணவகம், விடுதி, திரையரங்கு ஆகியவை அதன் பொதுவிடப் பட்டியலில் இடம்பெற்றன. துணிக்கடையோ அந்தப் பட்டியலில் இல்லை; உடற்குறை உடையவரைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது. இந்த இரண்டு விடுதல்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இதற்கிடையே அளவுகோலைக் கையில் எடுத்தவர் திமோதி நியூஜென்ட். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி மாணவர்கள் கல்வி பெற வழிசெய்தவர். அவர் முன்னின்ற முயற்சியால் 1961-இல் கட்டடங்களுக்கான முதல் தடையின்மை அளவுமுறை வெளியாயிற்று. சாய்தளம் எவ்வளவு சரியலாம், கதவு எவ்வளவு அகலவேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. கட்டாயம் மட்டும் இல்லை. விரும்பினால் செய்க என்ற விதியை எந்த முதலாளி விரும்பினார்? 1968-இல் கூட்டரசுப் பணத்தில் எழும் கட்டடங்களுக்குச் சட்டம் வந்தது. 1973-இல் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, கூட்டரசு உதவி பெறும் எந்த நிறுவனமும் உடற்குறை காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்றது. சட்டம் வந்தது; அதைச் செயற்படுத்தும் விதிகளில் கையொப்பமிட ஆட்சியாளருக்கு நான்காண்டு மனம் வரவில்லை.

1977 ஏப்ரல் 5. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கூட்டரசு அலுவலகத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட உடற்குறையாளர் புகுந்து உட்கார்ந்தார்கள். போலியோவால் நடக்கமுடியாமற்போன ஜூடித் ஹியூமன் அவர்களுள் முன்னின்றார். படுக்கை இல்லை, பலருக்கு வேண்டிய மருந்தும் துணைக்கருவியும் இல்லை. ஏறத்தாழ நான்கு வாரம் அவர்கள் எழவில்லை. அவர்களுக்கு நாள்தோறும் சூடான உணவு சமைத்துக் கொண்டுவந்தவர்கள் யார்? கருஞ்சிறுத்தைக் கட்சியினர்! கடைக் கண்ணாடியின் முன் நிற்க மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தெருவில் நிற்க மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குச் சோறு போட்டார்கள். அந்த ஏப்ரல் 28-இல் அமைச்சர் கலிபானோ கையொப்பமிட்டார்.

ஆயினும் துணிக்கடை தப்பிற்று. அது கூட்டரசிடம் பணம் வாங்குவதில்லை அல்லவா? மருத்துவமனையும் பள்ளியும் திறந்தன. கடைவீதி மூடியே கிடந்தது. அதைத் திறக்க இன்னும் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. 1990 மார்ச் 12-இல் வாஷிங்டன் நகரில், நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளுக்கு அடியில் அறுபதுபேர் அளவில் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் விட்டுவிட்டு, கையால் ஊன்றியும் முழங்காலால் தவழ்ந்தும் படியேறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களோடு ஏறினாள். சட்டம் செய்யும் மன்றத்துக்கே படிதான் வாயில் என்பதை உலகம் பார்த்தது. சிறுவணிகர் அமைப்புகள் செலவைச் சொல்லி எதிர்த்தும், அவ்வாண்டு ஜூலை 26-இல் உடற்குறை உடைய அமெரிக்கர் சட்டத்தில் மூத்த புஷ் கையொப்பமிட்டார்.

அதன் மூன்றாம் பகுதியில் பொதுமக்கள் புழங்கும் இடங்கள் பன்னிரண்டு வகையாக எண்ணப்படுகின்றன. ஐந்தாம் வகையைப் பாருங்கள். ரொட்டிக்கடை, மளிகைக்கடை, அடுத்து, பெயர் சொல்லி, துணிக்கடை! 1964-இல் விடுபட்ட இரண்டும் ஒரே சட்டத்தில் ஒருங்கே வந்து சேர்ந்தன.

1991-இல் அதற்கான அளவுவிதிகள் வெளியாயின. உடுத்திப் பார்க்கும் அறைக்கு அதில் தனி இடம். கதவு திறந்தால் 32 அங்குல வழி வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும். வட்டமானால் 60 அங்குலக் குறுக்களவு, நம் கணக்கில் ஐந்தடி. கதவு உட்புறம் ஆடி அந்த வட்டத்தை விழுங்கலாகாது. சுவரோடு பிணைத்த இருக்கைப்பலகை, 24 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்டது, தரையிலிருந்து 17 முதல் 19 அங்குல உயரத்தில் இருக்கவேண்டும். அறைகள் எத்தனையோ அவற்றில் நூற்றுக்கு ஐந்து, எப்படியும் ஒன்றேனும், இவ்வாறு அமையவேண்டும். ஆடவர் பகுதிக்கு ஒன்று இருந்தால் மகளிர் பகுதிக்குக் கணக்கு முடிந்துவிடாது.

பலகையைப் பற்றிச் சற்று நிற்கவேண்டும். கால் இயங்காத ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே சட்டையை மாற்றிவிடலாம். கால்சட்டையை மாற்ற இயலாது. உடலை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பைத் தூக்கி, மெல்ல மெல்ல இழுத்தேற்ற வேண்டும். நாற்காலியைப் பலகைக்கு இணையாக நிறுத்தி, கையை ஊன்றிப் பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்தால்தான் அது கூடும். 17 முதல் 19 அங்குலம் என்பது நாற்காலியின் இருக்கை உயரத்தை ஒட்டிய அளவு. மேலேறவும் வேண்டாம், கீழே விழவும் வேண்டாம். பலகை இல்லாத அறை, எவ்வளவு அகன்றிருந்தாலும், அவருக்கு வெறும் அறைதான். அவர் துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, உடுத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் மறுபடி வண்டி பிடித்து வந்து திருப்பித் தரவேண்டும். நமக்கு ஐந்து நிமிடம். அவருக்கு ஒரு முழுநாள்.

அங்குலம் மட்டும் கதவைத் திறந்துவிடாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2005-இல் மின்னசோட்டா மாநிலத்துப் பேரங்காடி ஒன்றில், பெயர்பெற்ற ஆடைக்கடைக்குப் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் உடன்பிறந்தாளோடு வந்தாள். அவளுக்கு ஆட்டிசம். துணை இல்லாமல் அறைக்குள் அவள் தனித்து உடுத்திப் பார்க்க இயலாது. ஓர் அறைக்கு ஒருவர்தான் என்றார்கள் கடைக்காரர்கள். திருட்டைத் தடுக்க வைத்த விதியாம். காரணத்தை எடுத்துச் சொல்லியும் இணங்கவில்லை. அத்தனைபேர் நடுவே தன் குறையை உரக்கப் பேசக் கேட்டு நின்ற அந்தச் சிறுமியின் முகத்தை நினைத்துப் பார்க்கிறோம். அந்த அறையில் எந்த அளவும் குறையவில்லை, குறைந்தது வேறு. 2009-இல் மாநில மனித உரிமைத் துறை அந்த நிறுவனத்தின்மீது 1,15,000 டாலருக்கு மேல் விதித்தது.

அது மாநிலச் சட்டத்தின் வலிமை. கூட்டரசுச் சட்டத்தின் மூன்றாம் பகுதிப்படி தனியொருவர் வழக்கிட்டால் இழப்பீடு கிடையாது; கடை திருந்தவேண்டும் என்ற ஆணையும் வழக்கறிஞர் கட்டணமுமே கிட்டும். பழைய கட்டடங்களுக்கோ இன்னொரு சலுகை: அதிகச் சிரமமும் செலவும் இன்றி எளிதில் நீக்கக்கூடிய தடையை நீக்கினால் போதும். எது எளிது? அதைக் கடைக்காரர் ஒருவாறு சொல்வார், நாற்காலியில் இருப்பவர் வேறுவாறு சொல்வார். துணி தொங்கவிடும் தாங்கிகளை நகர்த்தி வழிவிடுவது எளியவற்றில் ஒன்று என்று விதியே எடுத்துக்காட்டுகிறது. விழாக்கால விற்பனையில் அந்தத் தாங்கிகள் மீண்டும் நெருங்கிவிடுகின்றன.

உள்ளே சென்றால்? அந்த அகன்ற அறைதான் கடையில் காலியாக இருக்கும் இடம். அட்டைப்பெட்டிகளும் உடைந்த பொம்மைகளும் அங்கே குடியேறுகின்றன. அமைத்துவைத்த வசதி பயன்படும் நிலையில் இருக்கவேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே பெட்டியை அடுக்கி வைப்பதும் சட்டமீறல்தான். பெட்டியை எடுத்துப்போட ஆள் வரும்வரை வெளியே காத்திருக்கும் மனிதருக்கு அந்த விதியின் எண் தெரிந்து என்ன பயன்?

இனி ஒன்று பாக்கி. 1991-இன் விதிகளில் ஒரு வரி இருந்தது. மற்ற அறைகளில் கண்ணாடி இருந்தால் இந்த அறையிலும் இருக்கவேண்டும். அகலம் 18 அங்குலம், உயரம் 54 அங்குலம். நிற்பவர் மட்டுமன்றிப் பலகையில் அமர்ந்திருப்பவரும் தம்மை முழுதாகக் காணும்படி மாட்டவேண்டும் என்றது. பிறர் கண்ணுக்குத் தோன்றலாகாது என்று 1867-இல் விலக்கப்பட்ட உடலுக்கு, தன்னைத்தானே கண்டுகொள்ள 124 ஆண்டு கழித்துக் கிடைத்த வரி அது. 2010 செப்டம்பரில் அளவுவிதிகள் திருத்தி வெளியிடப்பட்டு 2012 மார்ச் 15 முதல் கட்டாயமாயின. பலகையின் குறைந்த நீளம் 48-லிருந்து 42 அங்குலமாயிற்று. துணி மாட்டும் கொக்கி கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது உண்டு. திரும்புமிடம் உண்டு, கதவைப் பற்றிய விதி உண்டு. உடுத்திப் பார்க்கும் அறைக்கான அந்தப் பகுதியில், கண்ணாடியைப் பற்றிய வரி இல்லை.