பர்கரும் இரண்டு சந்தேகங்களும்

ஜார்ஜ்டவுனில் பொழுது சாய்ந்தால் ஒட்டுக்கடைகளில் மார்ஜரின் உருகும் வாசம் கிளம்பிவிடும். பர்கர் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ரம்லிதான். அமெரிக்கக் கடைகள் இங்கே இல்லாமல் இல்லை. ஏ அண்ட் டபிள்யூ 1963இலேயே கோலாலம்பூரில் திறந்தது. மெக்டொனால்ட்ஸ் 1982இல் புக்கிட் பிந்தாங்குக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே, 1979இல், இறைச்சிக் கடையில் வேலை பார்த்த ரம்லி மொக்னி தன் மனைவியோடு சேர்ந்து கோலாலம்பூரில் பர்கர் விற்கத் தொடங்கினார். காரணம் ஒரு சந்தேகம். அப்போது சந்தையில் கிடைத்த பர்கர் இறைச்சி ஹலால்தானா? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் பர்கர் செய்தார். 1984இல் அது நிறுவனமானது.

மிச்ச வரலாற்றை எழுதியது ஒட்டுக்கடைக்காரர்களின் கை. இறைச்சி வட்டை நடுவில் கீறி விரிப்பார்கள். மேகி சாஸும் மிளகுத்தூளும் விழும். முட்டையை மெல்லிசாகப் பரப்பி, வட்டை அதன்மேல் வைத்து நாலு பக்கமும் மடிப்பார்கள். முர்தபாக் சாப்பிட்ட ஊருக்கு இந்த மடிப்பு புதுசில்லை.

எங்கள் அம்மா மட்டும் அந்தப் பக்கமே போகமாட்டார். கோழி பர்கர் இருக்கே என்றால், “ரெண்டும் ஒரே தட்டுலதானேய்யா வேகுது? அதே கரண்டிதானே புரட்டுது?” என்பார். முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ரம்லியின் கதையைப் படித்த பிறகு வரவில்லை. இரண்டும் ஒரே கேள்விதான்: இதுக்குள்ள என்ன இருக்கு, யாரை நம்பிச் சாப்பிடுறது?

அதனால் எங்கள் வீட்டில் தோசைக்கல். தோலெடுத்த தொடைக்கறியைக் கொத்தி, சின்ன வெங்காயம், மிளகு, உப்பு சேர்த்துத் தட்டுவோம். நெஞ்சுக்கறி என்றால் வறண்டுபோகும். கோழி முழுசாக வெந்ததும் அதன்மேல் சீஸ் துண்டு, பிறகு முட்டை மடிப்பு. உள்ளே அடைபட்ட ஆவியிலேயே சீஸ் உருகிவிடும். துண்டு சீஸில் சேர்க்கும் உப்புகள், உருகும்போது கொழுப்பைத் தனியே பிரிய விடாது. மார்ஜரினில் வாட்டிய ரொட்டி, முட்டைக்கோஸ், சில்லி சாஸ், மயோனைஸ். அவ்வளவுதான்.

இதை அமெரிக்க நகல் என்று சொல்பவர்கள் உண்டு. ரொட்டியும் சீஸும் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். சந்தேகப்பட்டவர்கள் ஒதுங்கிப் போகாமல் தாங்களே அடுப்பைப் பற்றவைத்தது இங்கே நடந்தது. அம்மா இப்போது இரண்டாவது பர்கர் கேட்கிறார், சீஸ் கூடுதலாக.