உழக்கு வந்த வழி

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இரண்டு வித அளவைகள் அருகருகே வருகின்றன. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்றொரு கல். நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல். நெல்லுக்கும் நெய்க்கும் கல் கிடையாது, மரக்கால்தான். அந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளந்து கொடுக்க வேண்டும் என்று ராஜராஜன் காலத்துக் கணக்கு சொல்கிறது. தங்கத்துக்குத் தராசு, சோற்றுக்குப் பாத்திரம் என்ற இந்தப் பாகுபாடு அதன்பின் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அசையவில்லை.

காரணத்தைக் களத்துமேட்டில் பார்க்கலாம். தராசைக் கட்டித் தொங்கவிட வேண்டும், எடைக்கற்களைச் சுமந்து வர வேண்டும். அம்பாரமாகக் கிடக்கும் நெல்லை நிறுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மரக்கால் என்றால் முகந்து முகந்து சாய்த்துக்கொண்டே போகலாம். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'ரெண்டு' என்பார்.

வாய்பாடும் கைக்கு அடக்கமானது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது பின்னாளில் நாம் படி என்றது. எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆழாக்கிலிருந்து நாழி வரை எல்லாம் இரட்டிப்புத்தான். எழுதத் தெரியாதவரும் பாதி, கால் என்று பிரித்துவிடலாம். செவிடுக்கு 360 நெல் என்பது பழைய கணக்கு; அப்படியானால் உழக்குக்கு 3,600 நெல். யாராவது உட்கார்ந்து எண்ணியிருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பாத்திர அளவின் ஓட்டை அதன் வாயில் இருக்கிறது. தலை தட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது இன்னொன்று. வாய் அகன்ற மரக்காலில் கோபுரம் பெரிதாக நிற்கும். வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தட்டியும் அளந்தால் ஒரே மரக்காலில் இரண்டு கணக்கு வந்துவிடும். உயரத்திலிருந்து வேகமாகக் கொட்டினால் மணிகள் இறுகி உட்காரும், மெல்லச் சரித்தால் இடைவெளி விட்டு நிற்கும். அடி உள்வாங்கிய படி, உள்ளே நுழைந்த கட்டைவிரல் எல்லாம் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரிந்த கதை.

கம்பெனிக்காரர்கள் வந்து ஆழாக்கை 'ஒல்லாக்' என்றும் மரக்காலை 'மெர்க்கால்' என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் ஊருக்கு ஊர் படி மாறியே கிடந்தது. சென்னையின் பெரிய படி ஒன்றரை லிட்டரைத் தாண்டும். வேறு பல ஊர்களின் சின்னப் படி அதில் ஏறத்தாழப் பாதி. இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் 1956-இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைக்குள் நுழைந்தது. 1962-க்குள் பழைய அளவைகள் சட்டப்படி செத்துவிட்டன.

காகிதத்தில் செத்தன என்று திருத்திக்கொள்ள வேண்டும். 1967 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி! சட்டம் படியை ஒழித்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும், பசித்த வயிற்றுக்குக் கிலோவில் சொன்னால் உறைக்காது என்பது மேடையில் பேசியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார்கள்.

கடையில் தராசிடம் தோற்ற உழக்கு அரிசிப் பானைக்குள் போய் ஒதுங்கிக்கொண்டது. அங்கே அதை அசைக்க ஆளில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் என்று சமையல் முழுக்க விகிதத்தில்தான் ஓடுகிறது. விகிதத்துக்குக் கிராம் தேவையில்லை. அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே பாத்திரமாக இருந்தால் போதும், அது உழக்கோ, காபி டம்ளரோ, பிடி உடைந்த கோப்பையோ. இட்லி மாவுக்குத் தராசைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

குழப்பம் 'கப்' வந்தபின்தான் தொடங்கியது. அமெரிக்காவின் அளவுக் கப் சுமார் 240 மில்லி. மின்சார ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லி. அது ஜப்பானின் 'கோ' என்ற பழைய படியின் வாரிசு, 150 கிராம் அரிசி பிடிக்கும். சமையல் குறிப்பில் 'ஒரு கப்' என்றால் எது? மைதா இன்னும் மோசம். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் 120 கிராம் பிடிக்கிற கப், மாவுக்குள்ளேயே அமுக்கி முகந்தால் 150 கிராம் வரை போகும். கேக் கல்லாகிப் போவதற்கு இது போதும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம்; அதே ஸ்பூனில் கல் உப்பு அவ்வளவு நிற்காது.

ஆனாலும் டிஜிட்டல் தராசை நம் அடுக்களை மேடைக்குக் கொண்டுவந்தது கேக் என்று சொல்ல மாட்டேன், சர்க்கரை நோய்தான். விகிதம் சோற்றின் பதத்துக்குப் பொறுப்பு. ஒருவர் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று அதைக் கேட்டால் பதில் வராது. தட்டைத் தராசில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அரிசி விழ விழ 40, 52, 60 என்று ஏறுகிறது. குவியலும் இல்லை, கட்டைவிரலும் இல்லை.

அந்த எண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதுவே வெந்து தண்ணீர் குடித்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும், அந்தச் சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரிதான். உணவு அட்டவணையில் '100 கிராம்' என்று மட்டும் இருந்தால் அரிசியா சோறா என்று கேட்காமல் நகரக் கூடாது. சோற்றை நிறுத்தால் உதிரிக்கும் குழைவுக்கும் தண்ணீர்க் கணக்கே மாறிவிடும். அரிசியாக இருக்கும்போதே நிறுத்துவிடுவது உத்தமம். வீட்டில் நான்கு பேருக்கு ஒரே பானை என்றால் அதுவும் நடக்காது. மொத்த அரிசியை நிறுத்து, மொத்தச் சோற்றையும் நிறுத்து, பங்கு போட வேண்டும். காலை ஏழு மணிக்கு இதையெல்லாம் யார் செய்வது? ஒரு முறை நிறுத்துப் பார்த்து, அந்த அளவு எந்தக் கரண்டியில் எத்தனை என்று தெரிந்துகொண்டால் மறுநாள் முதல் கரண்டியே போதும்.

தராசு எட்டாத சரக்கு ஒன்று இன்னும் இருக்கிறது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் தெருவோரத்தில் பொரி மலைபோலக் குவிந்திருக்கும். விற்பனை படிக் கணக்கில்தான். கால் கிலோ கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். அளந்தபின் மேலே ஒரு கை அள்ளிப் போடவில்லை என்றால் வாங்குபவர் விடமாட்டார்.