கறுப்புக் கரையிட்ட தாளில் ஒரு கடிதம்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், வைட் தீவிலுள்ள ஆஸ்பர்ன் மாளிகையிலிருந்து விக்டோரியா அரசியார் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பெறுநர் மேரி லிங்கன். அவருடைய கணவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், வாஷிங்டனில் நாடக அரங்கொன்றில் மனைவியின் அருகில் அமர்ந்திருந்தபோது சுடப்பட்டு, ஏப்ரல் 15 காலையில் உயிர் நீத்திருந்தார். அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி இயங்காத காலம். செய்தி கப்பலேறி இங்கிலாந்தை அடைய ஏப்ரல் 26 ஆயிற்று. மூன்றே நாட்களில் அரசியார் எழுதிவிட்டார்.

அப்போது அவரும் கைம்பெண். கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று, நாற்பத்திரண்டு வயதில் இறந்ததிலிருந்து அரசியார் பொதுவாழ்விலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனார். இறந்தவரின் அறையில் அவர் முகம் மழிக்க நாள்தோறும் வெந்நீர் வைக்கப்பட்டது. குடிமக்கள் பொறுமையிழந்தனர். 1864இல் யாரோ ஒரு குறும்பர், அரண்மனை வாடகைக்கு விடப்படும் என்று பக்கிங்ஹாம் வேலியில் அறிவிப்பே ஒட்டிவிட்டார். அந்த எள்ளலில் நியாயம் இல்லாமலில்லை.

இதற்கு முன்னும் ஓர் இரங்கற் கடிதம் இந்த இரு வீடுகளுக்கிடையே சென்றிருந்தது. ஆல்பர்ட் மறைந்தபோது, 1862 பிப்ரவரி 1 அன்று, லிங்கன் அரசியாருக்கு எழுதினார். அதில் அரசியாரை 'மாபெரும் நல்ல நண்பரே' என்று விளிக்கிறார். அரசுகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் மரபுத்தொடர் அது. நட்போடு அதற்குச் சம்பந்தமில்லை. அக்கடிதம் எழுதிப் பத்தொன்பது நாட்களில் லிங்கன் தம்பதியரின் பதினொரு வயது மகன் வில்லி இறந்துபோனான் என்பதை நினைக்கும்போது அந்தச் சம்பிரதாயச் சொற்களும் நமக்குக் கனக்கின்றன.

அரசியாரின் கடிதம் இதற்கு நேர்மாறானது. துக்கத்திற்குரிய கறுப்புக் கரையிட்ட தாள். 'அம்மையீர்' என்று மட்டும் விளித்து, நான் உங்களுக்கு அந்நியள்தான், ஆயினும் வாய்மூடி இருக்க இயலவில்லை என்று தொடங்குகிறார். லிங்கனின் பெயர் கடிதத்தில் இல்லை. அவர் பெருமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறந்தவரைப் புகழ உலகமே இருக்கிறது என்று எண்ணினார் போலும். பிறகு தம் கணவரைப் பற்றிப் பேசுகிறார். அவரே என் வாழ்வின் ஒளி, என் பற்றுக்கோடு, என் அனைத்தும். நெஞ்சம் நொறுங்கிப்போன என்னைவிட உங்கள் வேதனையை நன்கு உணரக்கூடியவர் இல்லை என்பது அதன் சாரம்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் சொந்தத் துக்கத்தைப் பேசலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தவிரவும் அவர் சொன்னது முழு உண்மையும் அன்று. ஆல்பர்ட் நோயுற்று, குடும்பத்தார் சூழ, தம் அரண்மனையில் இறந்தார். மேரியோ கணவர் சுடப்பட்டதைக் கண்ணெதிரே கண்டவர். இறுதிச் சடங்கிற்கும் எழுந்து வர இயலாமல் படுக்கையில் கிடந்தவர். கணவர் போனபின்னும் ஒருவருக்கு அரியணை இருந்தது. மற்றவருக்குக் குடியிருந்த வீடும் இல்லை. ஆனாலும் அந்தத் தன்னுணர்வுதான் கடிதத்தைக் காப்பாற்றியது என்பது நம் எண்ணம். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது இன்னொரு அரசாங்கக் கடிதமே. ஊரார் சலித்துக்கொண்ட அதே துயரம், கடல் கடந்த ஒருத்திக்கு மட்டும் பயன்பட்டது.

கடிதத்தின் இறுதியில் அரசியார் 'உங்கள் உண்மை நண்பர்' என்று ஒப்பமிடுகிறார். அந்நியளாகத் தொடங்கியவர், அந்தச் சில வரிகளுக்குள் அவ்வளவு தூரம் வந்துவிடுகிறார்.

மேரி மே 21 அன்று பதில் எழுதினார். மிகச் சுருக்கமான கடிதம். தன் சொந்தத் துயரத்தால் என் துயரத்தை அறியவல்ல நெஞ்சிலிருந்து வந்த பரிவு இது என்று ஏற்றுக்கொண்டார். நாம் கண்ட வேற்றுமைகள் எதையும் அவர் சுட்டவில்லை. தாமும் நண்பர் என்றே ஒப்பமிட்டார். அடுத்த ஓரிரு நாட்களில் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறினார். இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.