யமுனைக் கரையிலிருந்து தீஸ் ஹசாரி வரை

தில்லியில் திருச்சபையின் மருத்துவப் பணி யமுனைக் கரையில் தொடங்கியது. ஆங்கிலிக்கன் குருவானவர் ராபர்ட் வின்டரின் மனைவி பிரிசில்லா, 1860களில் அங்கே வந்த பெண்களுக்கு மருந்து கொடுத்தார். அந்தப்புரப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் நாடி காட்டத் தயங்கிய காலம் அது. பிரசவ வேதனையிலும் பல வீடுகளின் கதவு ஆண் மருத்துவருக்குத் திறக்காது. பெண்ணே பெண்ணைத் தேடிப் போனதுதான் இப்பணியின் உயிர்நாடி. 1881இல் பிரிசில்லா இறந்தார். அவர் நினைவாகச் சாந்தினி சௌக்கில் எழுந்த தூய ஸ்தேவான் மருத்துவமனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக 1885இல் திறக்கப்பட்டது. 1908இல் தீஸ் ஹசாரிக்கு மாறியது. செவிலியர் பயிற்சியும் அங்கே வளர்ந்தது. பின்னாளில் ஆண்களுக்கும் சிகிச்சை கிடைத்தது. வடகிழக்குத் தில்லியின் சுந்தர் நகரியில் ஏழைக் குடும்பங்களுக்கான சமூக நலப் பணியையும் அது நடத்திவருகிறது.