வளைவு தெரியும், ஆள் தெரியாது

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் அந்த வெள்ளை வளைவைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால், தாம்பரத்திலிருந்து விடிகாலை பைக்கில் போன நண்பனின் இன்ஸ்டாகிராமில். அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930இல் பெசன்ட் நகர் குடியிருப்பே கிடையாது. வெள்ளைக்காரர்கள் குளிக்க வரும் ஒதுக்குப்புறமான கரை அது. அந்த டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் மூழ்கி இறந்த டென்மார்க்காரர் ஷ்மிட். அங்குள்ள கல்வெட்டு இதைத்தான் சொல்கிறது.

படங்கள் வேறு கதை சொல்கின்றன. விடியலை எடுப்பவர் கிழக்கே பார்த்து நிற்கிறார். சூரியன் வளைவுக்குப் பின்னால். வானத்தின் நிறம் வெளுத்துவிடாமலிருக்க எக்ஸ்போஷரைக் குறைக்கிறார். வெள்ளைக் கட்டடம் கறுப்பு உருவமாகிவிடுகிறது. கல்யாண போட்டோகிராபருக்கு வளைவு ஒரு சட்டகம். நடுவில் ஜோடி மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். சினிமா கேமராவுக்கு, 'சென்னை, காதல்' என்று இரண்டு நொடியில் சொல்ல ஓர் அடையாளம். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துபவர் மாலையில் வந்தால், மேற்கு வெயிலில் உதிர்ந்த பூச்சும் சுவரில் கிறுக்கிய பெயர்களும் தெரியும்.

எல்லாம் உண்மையான படங்கள்தான். சின்னம் பிரபலமானதும் அவற்றால்தான். ஆனால் எந்தக் கோணத்தில் நின்றாலும் ஷ்மிட் செய்தது படத்தில் விழாது. அதை எழுதத்தான் வேண்டும்.

அடுத்த முறை விடியலை எடுங்க, தப்பே இல்லை. கீழே அவர் பெயரையும் அந்தத் தேதியையும் போடுங்க.